இடாப்பில் வராத பிள்ளைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கொவிட் பெருந்தொற்றின்போது பாடசாலைகள் பூட்டிக் கிடந்த காலத்திலே நடந்த தொலைக்கல்வியைப் பற்றி ஆராய்ச்சியாளர் கண்டவை யாவை என்ற பொருளிற் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டார். ஆண்டு விழா மேடைக்கு இது சற்று வறண்ட விஷயம் என்று நான் தயங்கினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், “தம்பி, பல்கலைக்கழகத்திலே படிக்கிறீர், வறண்டதை நனைத்துச் சொல்லத் தெரியாதோ?” என்று மடக்கிவிட்டார். நனைகிறதோ இல்லையோ, இந்த மண்டபத்தில் இருப்போரின் ஒவ்வொரு வீட்டையும் தொட்ட விஷயம் இது. 2020 ஜனவரியிலே முதலாந் தரத்திற் சேர்ந்த ஒரு பிள்ளை வகுப்பறையைக் கண்ட சில வாரங்களிலே பாடசாலை பூட்டப்பட்டது. அந்தப் பிள்ளை இன்றும் பாடசாலையிலேதான் இருக்கிறது. ஆகையால் இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது.

திகதிகளை முதலில் ஞாபகப்படுத்துகிறேன். மனிதருக்கு மறதி வெகு விரைவில் வருகிறது. 2020 மார்ச் 12ந் திகதி பாடசாலைகளை மூடும் அறிவித்தலை அரசாங்கம் விடுத்தது. 20ந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. ஜூலையிலே படிப்படியாகத் திறந்தார்கள். திறந்த கை ஓயுமுன் ஒரு வாரம் மூடினார்கள். ஒக்டோபரில் மறுபடியும் பூட்டு. 2021 ஜனவரியில் மேல் மாகாணத்துக்கு வெளியே திறப்பு, ஏப்ரில் கடைசியில் மீண்டும் பூட்டு. ஒக்டோபர் 21ந் திகதிதான், 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளிலிருந்து தொடங்கித் திரும்பவுந் திறந்தார்கள். 2021ம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரி 7ந் திகதி ஆரம்பமாயிற்று. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். நமக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. 2020 ஏப்ரில் மாதத்திலே 190க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 150 கோடி மாணாக்கர் பாடசாலைக்கு வெளியே நின்றார்கள் என்பது யுனெஸ்கோவின் கணக்கு.

இக்காலக் கல்விக்கு எல்லோரும் “ஒன்லைன் கல்வி” என்று பெயரிட்டார்கள். அமெரிக்கக் கல்வியாளர் ஐவர் 2020 மார்ச் 27ந் திகதி வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்தப் பெயர் தவறு என்று வாதித்தனர். திட்டமிட்டு நடத்தும் இணையவழிக் கல்வி வேறு, அவசரத் தொலைக்கற்பித்தல் வேறு என்பது அவர்கள் துணிபு. பல்கலைக்கழகப் பாடநெறி ஒன்றை முற்றாக இணையவழிக்கு ஆயத்தஞ் செய்ய ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வேண்டும் என்கிறார்கள். நமக்குக் கிடைத்ததோ சில நாட்கள். தொலைக்கல்வியை அறியாத தேசமன்று இலங்கை. 1980ம் ஆண்டிலே நமது திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அங்கே பாடநூலே ஆசிரியர் இல்லாத இடத்திலும் மாணவனோடு பேசும்படி எழுதப்படுகிறது. ஒப்படைகள் திருத்தி அனுப்பப்படுகின்றன. குறித்த நாட்களில் ஆளோடு ஆள் சந்திக்கும் வகுப்பும் உண்டு. கரும்பலகைக்கு எழுதிய பாடத்தைப் படம்பிடித்து அனுப்புவது அதனோடு ஒப்பிடத் தக்கதன்று. வள்ளம் கவிழ்ந்தவுடன் கையிலே அகப்பட்ட பலகையைப் பிடித்து நீந்துபவனைப் பார்த்து, நீச்சற் பயிற்சி எப்படியிருந்தது என்று கேட்பது போன்றது அந்த ஒப்பீடு.

நமது மாவட்டத்துக்குப் பாடசாலை மூடப்படுதலும் புதிதன்று. 2004 டிசெம்பர் 26ந் திகதி கடல் வந்தது. 2006இல் மூதூர்ப் பகுதியிலிருந்து குடும்பங் குடும்பமாக மக்கள் இடம்பெயர்ந்தார்கள். சம்பூர் மக்கள் தங்கள் மண்ணை மீண்டும் மிதிக்கப் பத்தாண்டு அளவு சென்றது. அந்நாட்களைக் கண்ட பெரியோர் இங்கே இருக்கிறீர்கள். அப்போது பிள்ளைகளுக்கு வீடு இருக்கவில்லை. ஆனால் முகாமிலே ஆசிரியரும் இடம்பெயர்ந்தவராய்ப் பக்கத்திலேயே இருந்தார். தகரக் கொட்டிலோ மரநிழலோ, பேர் கூப்பிட்டால் “இங்கே” என்று சொல்லலாம். பெருந்தொற்றிலே நடந்தது நேர்மாறு. பிள்ளை வீட்டிலே பத்திரமாக இருந்தது, ஆசிரியர் இல்லை. முன்னைய அனர்த்தங்களிற் கற்ற பாடங்கள் 2020இல் நமக்கு அதிகம் உதவாமற் போனதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உலகத்திலே இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1937 செப்டெம்பரில் சிக்காகோ நகரத்தில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது பாடசாலைகளைத் திறக்கவில்லை. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வானொலி நிலையங்கள் பாடம் ஒலிபரப்பின. எந்தப் பாடம் எந்நேரத்தில் என்று பத்திரிகைகள் அச்சிட்டன. பெற்றார் கேட்கும் சந்தேகங்களுக்குத் தொலைபேசியில் விடையளிக்க உபாத்தியாயர்கள் அமர்த்தப்பட்டார்கள். எல்லாரும் மெச்சினார்கள். வானொலிப் பெட்டி இல்லாத வீடுகளும், ஒலி தெளிவாக எட்டாத பகுதிகளும் இருந்தன என்ற பேச்சு அப்போதே இருந்தது. ஆனால் சில வாரங்களிற் பாடசாலை திறந்ததும் அப்பேச்சு அடங்கிவிட்டது.

இனி நமது தேசத்திலே நடந்ததைச் சொல்கிறேன். 2020 ஏப்ரில் அளவில் தமிழ்ப் பாடங்களை நேத்ரா தொலைக்காட்சியும், சிங்களப் பாடங்களை ஐ அலைவரிசையும் ஒளிபரப்பத் தொடங்கின. கல்வி அமைச்சின் ஈ-தக்ஸலாவ தளத்தில் மூன்று மொழிகளிலும் பாடங்கள் இருந்தன. ஆயினும் நாட்டுப்புறத்திலே வகுப்பென்று நடந்தது பெரும்பாலும் வட்ஸ்அப்பிலேதான். எங்கள் வீட்டிலே நானும் தங்கைமார் இருவரும், கைத்தொலைபேசி ஒன்று, அதுவும் அப்பாவுடையது. அவர் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போய் வரும்வரை பாடமும் அவர் சட்டைப் பையிலே வேலைக்குப் போகும். இரவு ஏழு மணிக்குமேல், காலையில் அனுப்பிய குரற்பதிவுகளை வரிசையாகக் கேட்போம். கடைசித் தங்கையின் முறை வரும்போது அவள் நித்திரை. என்னை மிஷன் பாடசாலையிலே படிப்பித்த ஆசிரியை ஒருவர் செயலட்டைகளைப் பிரதி எடுத்துச் சந்திக் கடையிலே வைத்துவிட்டுப் போவார். பாண் வாங்கப் போகிறவர்கள் பாடத்தையும் வாங்கி வருவார்கள். அந்த ஏற்பாட்டை எந்த அறிக்கையிலும் நான் கண்டதில்லை.

எங்கள் நிலைமை மோசமென்று சொல்ல வரவில்லை. பொஹிட்டியாவ என்னுங் கிராமத்திலே ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டு வழியே நடந்து, அலை எட்டும் பாறை ஒன்றின் உச்சியில் ஏறியிருந்து பாடம் பெற்றுக்கொண்டதையும், லுணுகலைப் பக்கத்திலே மரத்தின்மேற் பரண் கட்டியதையும் 2021இல் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் படத்தோடு பிரசுரித்தன. படத்தைப் பார்த்தவர்கள் பிள்ளைகளின் ஊக்கத்தை மெச்சினார்கள். அதே கிராமங்களில் பாறையேற முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று படத்திலே தெரியாது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பமாகிறது. 2020க்குப் பின் இக்கல்வியைப் பற்றி வெளிவந்த ஆய்வுகள் மழைக்காலத்து ஈசல் போன்றவை. உயர்கல்வியைப் பற்றிய ஆய்வுகளை மாத்திரம் திரட்டி 2021இல் ஒரு குழுவினர் தொகுத்துப் பார்த்தபோது, 282 ஆய்வுகளை அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். அவற்றில் மிகப் பல வினாக்கொத்து அனுப்பி மாணவரின் அபிப்பிராயத்தைக் கேட்டவை. ஊரடங்கு காலத்திலே வினாக்கொத்து எந்த வழியாகப் போகும்? இணையத்தின் வழியாகத்தான். அக்காலத்தில் எனக்கு வந்த ஒரு வினாக்கொத்தின் முதற் கேள்வியே, “உமக்கு இணைய வசதி உண்டா?” என்பது. கைத்தொலைபேசியில் அந்தக் கேள்வியைத் திறந்து வாசிப்பவன் வேறு எதைச் சொல்லுவான்? மழையில் நனைந்தவர் யார் என்று குடைக்குள் நின்றவர்களிடம் கேட்டெழுதிய கணக்கு அது. வசதியற்றவன் பொய் சொல்லவில்லை, அவன் பேசவேயில்லை. பேசாதவனைக் கழித்து எடுத்த சதவீதமே பின்னர் மேசைகளிலே உண்மையாக உலாவுகிறது.

தொலைக்கல்விக்கு ஏகலைவனை உதாரணங் காட்டுவது நம்முடைய மேடை வழக்கம். குரு பக்கத்தில் இல்லாமலே வில்வித்தை பயின்றான் அல்லவா என்பார்கள். நல்லது. அவனைப்போல் மண்ணாற் சிலை செய்து முயன்று, ஒன்றும் வராமல் வில்லைக் கீழே போட்டுவிட்டு வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? கதை அவர்களைச் சொல்லாது. வென்றவனை மட்டும் வைத்து முறையை மதிப்பிடுவது கதைக்குப் பொருந்தும், ஆராய்ச்சிக்குப் பொருந்தாது. (கட்டைவிரற் செலவை இந்தக் கணக்கிலே நான் சேர்க்கவில்லை.)

ஆசிய அபிவிருத்தி வங்கி 2020 செப்டெம்பரில் வெளியிட்ட சிற்றறிக்கை ஒன்று, இலங்கையின் உயர்கல்வி மாணவரில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பேரை இணையவழிக் கற்பித்தல் எட்டியது என்று கூறுகிறது. பெருமைப்படத்தக்க விஷயம். இதற்குக் காரணமும் தெளிவு: லேர்ன் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு பல்கலைக்கழகங்களுக்குச் சூம் வகுப்பு நடத்த வழி செய்தது, பல்கலைக்கழகத் தளங்களைப் பார்க்கத் தொலைபேசிக் கம்பனிகள் டேட்டாக் கட்டணம் அறவிடவில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் இருப்போர் ஏற்கெனவே பல சல்லடைகளில் அரித்தெடுக்கப்பட்டவர்கள். அந்தத் தொண்ணூற்றை எடுத்துப் பாடசாலைப் பிள்ளைகளின் தலையிலே வைக்கலாகாது. பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளிலே இந்நாட்டு வீடுகளில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேலானவற்றிலேதான் கணினி இருந்தது என்பது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கு.

அப்படியானால் நல்ல ஆய்வு எப்படியிருக்கும்? மூன்று தேசங்களின் கதையைச் சொல்கிறேன்.

நெதர்லாந்து வீடுதோறும் இணைய வசதியுள்ள தேசம். 2020இல் அங்கே பாடசாலைகள் எட்டு வாரமே மூடியிருந்தன. மூடுவதற்குச் சற்று முன்னும், திறந்த பின்னும் ஆரம்பப் பிள்ளைகள் வழக்கமான பரீட்சையை எழுதினார்கள். அபிப்பிராயங் கேட்கவில்லை, விடைத்தாளைப் பார்த்தார்கள். பள்ளியாண்டின் ஐந்திலொரு பங்கு அளவு கல்வி நட்டமாயிற்று என்று 2021இல் வெளியான ஆய்வு கண்டது. அதாவது வீட்டில் இருந்த காலம் ஏறக்குறைய முழுதுமே விரயம். படிப்புக் குறைந்த பெற்றாரின் பிள்ளைகளுக்கு நட்டம் அறுபது சதவீதம் வரை கூடுதல். எட்டு வாரத்துக்கு, அந்த வசதிகளோடு, இவ்வளவு நட்டமென்றால் நம்முடைய கணக்கை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது நமக்கு நெருங்கிய தமிழ்நாடு. அங்கே ஆய்வாளர் கிராமப்புறத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய 19,000 பேரை 2019இல், நோய் வருமுன்பே, வீட்டுக்கு வீடு போய்ச் சோதித்திருந்தார்கள். 2021 டிசெம்பரில் மீண்டும் வீடு வீடாகப் போனார்கள். கைத்தொலைபேசி உண்டோ இல்லையோ, பள்ளிக்குப் போகிறதோ இல்லையோ, கதவைத் தட்டினால் பிள்ளை வெளியே வரும் அல்லவா? 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது கணிதத்தில் 0.7 நியம விலகலும், தமிழில் 0.34 நியம விலகலும் பின்னடைவு. புள்ளிவிபரவியல் படியாதவர்களுக்குச் சொன்னால், வகுப்பின் நடுவிலே நிற்கத்தக்க பிள்ளை கணிதத்தில் முதலிலிருந்து எண்ணி நாலில் மூன்று பங்குக்குப் பின்னாலே போய் நின்றது. கணிதத்திற் கூடுதலாகவும் மொழியிற் குறைவாகவும் நட்டம் வந்தது ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். மொழியை ஆச்சி பேசிக்கொண்டேயிருக்கிறாள். பின்னக் கணக்கை அவள் பேசுவதில்லை. இது என் ஊகமே தவிர ஆய்வின் கூற்றன்று.

ஆனால் அந்த ஆய்வின் நல்ல செய்தி பின்பாதியிலே இருக்கிறது. பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துள் அந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. 2021 ஒக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய “இல்லம் தேடிக் கல்வி” என்னும் திட்டத்திலே ஊர்த் தொண்டர்கள் மாலை வேளையிற் பிள்ளைகளைக் கூட்டிப் பாடஞ் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மீட்சியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு இவர்களாலே வந்தது என்று கணித்திருக்கிறார்கள். தொண்டர்கள் பெரும் பண்டிதர்கள் அல்லர். அந்தந்த ஊரிலே படித்த இளம் பெண்கள் மிகப் பலர். எங்கள் வயதினர்.

மூன்றாவது ஆபிரிக்காவிலுள்ள பொட்ஸ்வானா. 2020இல் அங்கே பெற்றாரைக் குலுக்கல் முறையிலே பிரித்தார்கள். ஒரு பகுதியினரின் சாதாரணத் தொலைபேசிக்கு வாரம் ஒரு கணக்கைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். இன்னொரு பகுதியினருக்குக் குறுஞ்செய்தியோடு ஓர் ஆசிரியர் வாரம் ஒரு முறை பதினைந்து இருபது நிமிடம் தொலைபேசியிற் பேசினார். 2022இல் வெளியான முடிவின்படி, செய்தி மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை. பேச்சும் சேர்ந்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். குரல் வேண்டியிருந்தது. உடனே தொலைபேசிதான் சஞ்சீவி என்று நினைத்துவிடாதீர்கள். சியரா லியோனிலே ஆசிரியர் தொலைபேசியிற் பேசிப் பார்த்தபோது பிள்ளைகளின் புள்ளியில் மாற்றங் காணவில்லை. ஆராய்ச்சி என்பது நமக்கு வேண்டியதை மட்டும் சொல்லும் சாத்திரி அன்று.

இம்மூன்று தேசத்தாருக்கும் பொதுவானது ஒன்று. தங்களிடம் தானாக வந்த பிள்ளையை மட்டும் அவர்கள் கணக்கெடுக்கவில்லை. வராத பிள்ளையையும் தேடினார்கள். என் மிஷன் பாடசாலையில் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஓர் ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம்: அந்த ஓர் ஆடு குறைந்ததை அவன் எப்படி அறிந்தான்? எண்ணியிருக்கிறான்.

நமது மாவட்டத்துக்கு வருகிறேன். பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள். உவர்மலையில் நின்று பார்த்தால் குடாவுக்கு அப்பால் மூதூர்க் கரை தெரிகிறது. தரைவழியே போனால் கிண்ணியாவைச் சுற்றவேண்டும். அதற்கும் தெற்கே ஈச்சிலம்பற்று, வெருகல். வடக்கே குச்சவெளி, புல்மோட்டை. பட்டினத்திலே சூம் வகுப்பு நடந்த அதே நாட்களில் இந்த இடங்களிலே என்ன நடந்தது என்று பிள்ளைவாரியாக எடுத்த கணக்கை நான் தேடியும் கண்டேனில்லை. 2021 ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் வரை, சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றன. சொந்தக் காசிலே டேட்டா போட்டுப் படிப்பித்தவர்களின் கோரிக்கை நியாயமானதென்றே நான் கருதுகிறேன். ஆயினும் அந்த மூன்று மாதத்திலே, வசதியுள்ள பிள்ளை தனியார் வகுப்புக்குத் திரும்பிற்று; மற்றப் பிள்ளை கடலுக்கும் வயலுக்கும் கடைக்கும் போயிற்று. போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? வந்தவர்களை இடாப்பு சொல்லும். வராதவர்களின் பெயர் அடுத்த ஆண்டு இடாப்பிலே எழுதப்படுவதில்லை.

பாடசாலைகள் திறந்தபின் நடந்த ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 2021 நவம்பர் 23ந் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியிலே, பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் மக்களை ஏற்றி இறக்கிய பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகளும் மாண்டார்கள். இரண்டு ஆண்டளவாகப் பாடம் தங்களைத் தேடி வராதபோது, திறந்த சில வாரத்திலே அவர்கள் பாடத்தைத் தேடிப் போனார்கள். “தொலை” என்ற சொல்லைத் தொலைக்கல்வி ஆய்வுகளில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் களப்புத்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அடுத்த பூட்டு எப்போது வரும் என்று எவருக்குந் தெரியாது. 2022 ஜூனிலே எரிபொருள் இல்லையென்று மீண்டும் பாடசாலைகளை மூடினார்கள், நோய்தான் வரவேண்டுமென்றில்லை. ஆகவே இந்தச் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். 2020இல் முதலாந் தரத்திலிருந்து ஐந்தாந் தரம் வரை இருந்த பிள்ளைகளை ஊர் ஊராக எண்ணிப் பார்ப்போம். இணையத்தில் வினாக்கொத்து அனுப்ப வேண்டாம். கொப்பியும் பேனையும் போதும். ஒவ்வொரு வீட்டிலும் மூன்றே கேள்வி. அப்போது பாடம் எந்த வழியாக வந்தது? இப்போது பிள்ளை பாடசாலைக்குப் போகிறதா? அதன் வகுப்புக்கு இரண்டு தரம் கீழான ஒரு பந்தியை வாசித்து, ஒரு பிரித்தற் கணக்கைச் செய்யுமா? கதவைத் தட்டுமுன் கிராம சேவையாளருக்கும் பாடசாலை அதிபருக்கும் சொல்லி அநுமதி பெறவேண்டும். பிள்ளையின் பெயரை வெளியிடக்கூடாது. பின்தங்கிய பிள்ளை என்று பலர் முன்னிலையிற் சொல்லவுங்கூடாது. கணக்கைச் செய்ய மாட்டாத பிள்ளைகளை நம்முடைய மாலை வகுப்பிலே சேர்ப்பதா, அந்த ஊரிலேயே ஒரு வகுப்பு வைப்பதா என்பதைக் கணக்கு வந்தபின் யோசிக்கலாம். ஊரிலேயே வைப்பது நல்லதென்பது என் எண்ணம். பஸ் செலவு பிள்ளைக்கு வேண்டாம்.

பெரியோர்களிடம் கேட்பது ஒன்றே. எந்த வீட்டிலே எந்தப் பிள்ளை நின்றுவிட்டது என்று எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். அந்த வீடுகளை எங்களுக்குக் காட்டித் தாருங்கள். முதலில் வெருகற் பக்கம் போகலாம் என்று செயலாளரோடு பேசியிருக்கிறேன். வர விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் பெயர் கொடுக்கலாம். கொப்பியின் முதற் பக்கத்திலே என் பெயரை எழுதிவிட்டேன்.